பூஜைக்கு அடைத்த ஓட்டை

செப்டம்பர் 30, செவ்வாய்

வெயில். புரட்டாசி பிறந்ததை வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. திருப்பாப்புலியூரில் சிதம்பரம் பஸ் ஏறி ஆலப்பாக்கம் வரை நின்றபடி. அங்கே இடம் கிடைத்தது. பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மாள். "இன்னா வேல பாக்கற?" என்றாள். படிக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுலயா?"

முப்பத்தாறு.

அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டை ஒரு கரைசலில் தோய்த்துக் காயவைத்து ஃபர்னஸில் சுட்டால், மேலே டைட்டானியம் ஆக்ஸைடு படலமாக வளரும். முடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அது வெடிக்காமல் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

"வெடிக்குதா?"

"வெடிக்குது."

"எத்தினி வருசமா?"

"ஆறு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள்.

இன்றைய வேலை:
– எட்டுத் தகடு கழுவ
– கரைசலில் தோய்க்க, ஐந்து பூச்சு
– பதிவேட்டில் ஃபர்னஸுக்கு இடம் பிடிக்க
– பாப்பாவுக்கு வெள்ளை சாக்ஸ்

பன்னிரண்டு முதல் நாலு வரை கிடைத்தது. ஃபர்னஸ் ஒன்று, ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆறு பேர், ஆளுக்கு நாலு மணி நேரம். சாரின் சட்டம். சார் என்றால் என் கைடு. 450 டிகிரிக்கு ஏற ஒன்றரை மணி, அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மிச்ச நேரத்தில் இருநூறுக்கு இறங்கினால் பெரிய விஷயம். அதற்குள் அடுத்த ஆள் தட்டோடு வந்து கதவருகில் நிற்பான். சுடச்சுட இடுக்கியால் எடுத்து, கடப்பைக் கல்லில் அடுக்கி, ஃபேனுக்கு அடியில் ஆறவிடுவோம். எல்லாரும் அப்படித்தான். மற்றவர்களுக்கு ஒரே ஒரு பூச்சு, வெடிப்பதில்லை. எனக்கு ஐந்து பூச்சு. நுண்ணோக்கியில் வைத்தால் என் குதிகால் மாதிரி பித்தவெடிப்பு.

சார் வருடக்கணக்காக ஒரே வாக்கியம்தான் சொல்கிறார். "ஏம்மா செல்வி, செய்முறையெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்ல."

ஒரு கட்டத்தில் நானும் நம்பிவிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

நாளை ஆயுத பூஜை. விடுமுறை என்பதால் லேபில் இன்றைக்கே. இரண்டரைக்கு நான் ஃபர்னஸை அணைத்ததும் க.பெ. அண்ணன் துடைப்பம், சந்தனம், பூ எல்லாவற்றோடும் வந்துவிட்டார். கலியபெருமாள், எங்கள் அட்டெண்டர். காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். வருகிற ஏப்ரலில் ரிடையர். கூரையில் ஒட்டடை அடிக்க வேண்டுமாம். ஃபர்னஸின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு காற்று ஓட்டை. அதில் தூசி விழும் என்று, பழைய ஃபர்னஸிலிருந்து பிய்த்த வெள்ளைப் பஞ்சைத் திணித்து அடைத்தார். சூடு தாங்கும் பஞ்சு. நல்லவேளை, பழந்துணியைத் திணிக்கவில்லை. பிறகு கதவுக்குச் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் சாமந்திச் சரம்.

"அண்ணே, உள்ள என் தகடு இருக்கு. நாலு மணிக்கு எடுக்கணும். தொறங்க."

"பொட்டு வச்சாச்சும்மா. இனிமே தொறக்கக் கூடாது. விஜயதசமி கழிச்சி வந்து எடுத்துக்குங்க."

"ரெண்டு நாளா?"

"அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா? வருசம் பூரா வேவுது."

எட்டுத் தகடு தண்டம். சண்டை போட்டேன், எடுபடவில்லை. பொரி, கடலை, ஒரு வாழைப்பழம் கொடுத்தார். சாக்ஸ் மறந்துவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

மேகமூட்டம். புழுக்கம்.

சரம் வாடிக் கிடந்தது. கழற்றினேன். ஓட்டையிலிருந்த பஞ்சைப் பிடுங்கினேன். தகடுகளை எடுத்தேன். குப்பையில் போடுமுன் ஒரு வழக்கத்துக்காக நுண்ணோக்கியில் வைத்தேன்.

வெடிப்பு இல்லை.

இரண்டாவது. இல்லை. எட்டும் இல்லை. ஊதா கலந்த நீலத்தில், ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரு கோடு இல்லை.

பாத்ரூமில் போய் அழுதேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

லேப் நோட்டில் எழுதினேன்: வெப்பம், நேரம், பூச்சு எண்ணிக்கை, "மூடியபடியே தானாக ஆறவிடப்பட்டது". ஓட்டையை அடைத்ததை எழுதவில்லை. ஆறு வருடமாக நான் தேடியதை ஒட்டடை அடிக்க வந்தவர் செய்துவிட்டுப் போனார் என்று எப்படி எழுதுவது? அவர் பேரைப் போட்டு எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு எல்லாரும் சிரிக்க வேண்டும். அதுவும் ஓட்டையால்தானா, மெதுவாக ஆறியதாலா என்று இன்னும் தெரியாதே. உறுதியான பிறகு எழுதலாம். பஞ்சை ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

சாரிடம் காட்டினேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்கும். திரும்பப் போட்டுக் காட்டு."

டிசம்பர் 31-ல் என் பிஎச்.டி. பதிவு முடிகிறது. இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. இனி நீட்ட மாட்டார்கள். முதல் பெயராக என் பெயர் வந்த ஒரு பேப்பர் வேண்டும். இருந்தால் தீசிஸ் கொடுக்கலாம். இல்லையென்றால் ஆறு வருடமும் போயிற்று.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர். கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப முடிஞ்சுதா?"

"இப்பதான் மாமா ஆரம்பிச்சிருக்கு."

"ஆறு வருசமா ஆரம்பிச்சிக்கினே இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாக்ஸ் அவரே வாங்கி வந்திருந்தார்.

அக்டோபர் 18, சனி

காலையில் தூறல். இன்றைக்கும் லேப். சனி, ஞாயிறு ஃபர்னஸ் சும்மா கிடப்பதால் எனக்குக் கொண்டாட்டம். தீபாவளிக்கு இன்னும் முறுக்கு மாவுகூட அரைக்கவில்லை.

இரண்டு வாரத்துக் கணக்கு:
– ஓட்டை அடைத்து, வழக்கம்போல் சூட்டோடு எடுத்தால்: எட்டும் வெடிப்பு
– ஓட்டை திறந்து, மெதுவாக ஆறவிட்டால்: கதவுப் பக்க வரிசை நாலும் வெடிப்பு, உள்வரிசை நாலும் சுத்தம்
– ஓட்டை அடைத்து, மெதுவாக ஆறவிட்டால்: எட்டும் சுத்தம். மூன்று முறை போட்டும் சுத்தம்.

அதாவது, சூடான காற்று மேலே ஓட்டை வழியாகப் போகப் போக, கதவு இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சிதம்பரத்து ஐப்பசிக் காற்று. பிழிந்தால் தண்ணீர் வரும். கதவுப் பக்கத் தகடுகள் ஒரு புறம் சட்டென்று ஆறி, மறுபுறம் சூடாக நின்று, படலம் இழுபட்டு வெடிக்கிறது. இவ்வளவுதான். என் கை இல்லை. இதை நான்கு தடவை எழுதலாம் போலிருக்கிறது. என் கை இல்லை.

நோட்டில் ஆறவிட்ட நேரத்தை மட்டும் எழுதினேன். ஓட்டையை இன்றும் எழுதவில்லை. தீபாவளி முடியட்டும்.

திவ்யா வந்தாள். சாரிடம் சேர்ந்து மூன்றாவது வருடம், திட்டக்குடிப் பெண், ஹாஸ்டல். சாருக்குச் செல்லம். அவள் தப்பென்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரிதான். தகட்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"எப்டிக்கா?"

"மெதுவா ஆறவிடணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பொய் சொல்லும்போது என் குரல் நன்றாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

மழை. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டில் தண்ணீர். ஒன்றரை மணி நேரம். முந்தானை வரை ஈரம்.

சார் கூப்பிட்டு அனுப்பினார். "நோட்டக் குடும்மா. நானே பேப்பர் எழுதிடறேன். உனக்கு இங்கிலீஷ் இழுக்கும்." சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். டிசம்பருக்குள் வர வேண்டும், பதினைந்து நாளில் பதில் போடும் ஜர்னலுக்கு அனுப்புகிறேன் என்றார். ஆறு வருடத்தில் முதல்முறையாக "டீ சாப்டியா?" என்றும் கேட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டிருக்கிறது.

பேப்பர் பார்த்தேன். முதல் பெயர் திவ்யா. இரண்டாவது நான். கடைசியில் சார்.

உட்காரச் சொல்லாமலே விளக்கினார். "அவ வெளிநாட்டுக்கு அப்ளை பண்றா. ஃபர்ஸ்ட் நேம் இருந்தாத்தான் எடுப்பான். நீ குடும்பம், புருஷன், குழந்தைன்னு செட்டில் ஆயிட்ட. உனக்கு டிகிரிதான வேணும்?"

"டிகிரிக்கே ஃபர்ஸ்ட் நேம் வேணும் சார். டிசம்பர்ல முடியுது."

"எக்ஸ்டென்ஷன் நான் வாங்கித் தரேன்."

கிடையாது என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதமே என்னிடம் இருக்கிறது. அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். சரி சார் என்று வெளியே வந்தேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது நினைத்தேன்: ஓட்டையைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. பேப்பரிலும் இல்லை. பவுடர் டப்பா என் பையில். பஸ்ஸில் அதை வெளியே எடுத்து, திறந்து பார்த்து, மூடினேன். பக்கத்து சீட்டுப் பையன் என்னவோ மருந்து என்று நினைத்திருப்பான்.

செய்து பார்க்கட்டும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

நவம்பர் 25, செவ்வாய்

கடலில் ஏதோ உருவாகியிருக்கிறதாம். காற்று. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருப்பதாக மாமா சொன்னார்.

ஜர்னலிலிருந்து பதில். நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழு பூச்சில் பத்துத் தகடு போட்டுப் படத்தோடு அனுப்புங்கள் என்கிறார்கள். திவ்யா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போடுகிறாள். நோட்டில் உள்ளபடியே. அவளுக்காகச் சார் நாலு மணி நேரச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்; முழுசாக ஆறவிட்டு, காலையில்தான் திறக்கிறாள். முதல் பத்தில் ஐந்து வெடிப்பு. இரண்டாவது பத்தில் ஆறு. எல்லாம் கதவுப் பக்கம்.

சார் என்னிடம் வந்தார். "செல்வி, நீ கொஞ்சம் கூட நின்னு பாரேன்."

"என் கைதான் சரியில்லையே சார்."

ஆறு வருடத்தில் நான் பேசிய ஒரே நல்ல வாக்கியம். வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாப்பாடு நன்றாக இறங்கியது.

நவம்பர் 26, புதன்

மழை. திவ்யாவுக்கு மூன்றாவது பத்தும் போயிற்று. எல்லார் முன்னாலும் சார் சொன்னார்: "செய்முறையெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்ல."

அப்படியே அதே வாக்கியம். வேறு வாக்கியம் வைத்திருக்கவில்லை மனுஷன்.

அந்தப் பெண் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. கட்டைவிரலில் சுட்ட கொப்புளம் வேறு. சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். உட்கார்ந்தேன். அவள் பெயரை முதலில் போட்டபோது, "அக்காதான செஞ்சாங்க சார்" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அதுவும் நினைவுக்கு வந்தது.

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தி சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இந்த நாட்குறிப்பிலாவது பொய் வேண்டாம்.

நவம்பர் 27, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினொன்று. துறைத் தலைவர் மேடத்திடம் நேராகப் போனேன். பேப்பரில் என் பெயர்தான் முதலில் வர வேண்டும், செய்தது முழுக்க நான் என்றேன். நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"செஞ்சது நீதான்னு எப்டிம்மா காட்டுவ?"

"என்னைத் தவிர யாராலயும் வெடிக்காம எடுக்க முடியல மேடம். திவ்யா முப்பது தகடு போட்டுட்டா. எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு."

"என்ன அது?"

"மேல இருக்கற ஓட்டைய அடைக்கணும். சோதிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சேன்."

நோட்டை வாங்கினார். சாரையும் கூப்பிட்டு அனுப்பினார். அக்டோபர் மாதம் முழுக்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"இதுல இல்லையே."

"எழுதல மேடம்."

"ஏன்?"

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து க.பெ. அண்ணன் டீ கொண்டுவந்தார். காதில் விழுந்திருக்கிறது.

"அட, பூசைக்கி அடச்சமே, அந்தப் பஞ்சா? நான்தானுங்க மேடம் அடச்சேன். ஒட்டட அடிக்கறப்ப தூசி வுழுவுதுன்னு. இந்தம்மா தொற தொறன்னு ஒரே சண்ட. நான்தான் பொட்டு வச்சிட்டேன், வுட மாட்டேன்னேன்."

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார்.

சார் திரும்பினார். "அப்ப கண்டுபுடிச்சது கலியபெருமாள். மறைச்சது நீ."

அவர் அடைத்தார், அது ஏன் வேலை செய்கிறது என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தது நான் என்றேன். எங்கே எழுதியிருக்கிறாய் என்றார். எங்கேயும் இல்லை. இந்த நாட்குறிப்பில் இருக்கிறது. அக்டோபர் 18, தேதி போட்டு. இதைக் கொண்டுபோய்க் காட்டவா? அடுத்த நாலு வரியில் திவ்யாவிடம் பொய் சொன்னது இருக்கிறது. அதற்கு முன்னால் க.பெ. அண்ணன் பெயரை எழுத வெட்கப்பட்டது இருக்கிறது.

மேடம் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "ஒரு வரி எழுதியிருந்தா நான் இன்னிக்கி உன் பக்கம் பேசியிருப்பேன்மா."

லேபுக்குப் போய்ப் பவுடர் டப்பாவைத் திவ்யாவின் மேஜையில் வைத்தேன். அவள் நிமிரவில்லை. நானும் நிற்கவில்லை.

சாரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. என் பெயரை அவர் எடுத்தார். க.பெ. அண்ணன் பெயரை நான்தான் முதலில் எடுத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

விடாத மழை. பாப்பாவுக்குப் பள்ளி விடுமுறை. நான் மட்டும் போனேன்.

திவ்யாவுக்குப் பத்தும் சுத்தம். "இதுதாம்மா கை!" என்றார் சார். திவ்யா தரையைப் பார்த்தாள்.

என் பெயரை எடுத்துவிட்டார்களாம். தகவலை மறைத்த ஆளைப் பேப்பரில் வைத்தால் ஜர்னலுக்கு என்ன பதில் சொல்வது என்று சார் கேட்டாராம். திவ்யாதான் வந்து சொன்னாள். "நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். அது மன்னிப்பா, தகவலா தெரியவில்லை.

மாமா கேட்டார், "மேல யார்னா பெரிய ஆளப் பாக்கலாமா?" வேண்டாம் என்றேன். "அப்ப வுடு செல்வி" என்று ரசத்தை ஊற்றினார். விடு என்று சொல்ல ஆறு வருடமாக ஒருத்தர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

பனி. மழைக்காலம் முடிந்த மாதிரி. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.

லேபைக் காலி செய்யப் போனேன். எடுத்தவை: ஏப்ரன், டம்ளர், செருப்பு, அக்டோபர் 3-ன் எட்டுத் தகடு. ஃபர்னஸ் பதிவேட்டில் இந்த வாரம் என் பெயருக்கான கட்டத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ஓட்டையில் பஞ்சு. அதன்மேல் திவ்யாவின் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர், எடுக்கக் கூடாது என்று.

வராந்தாவில் க.பெ. அண்ணன் ஓடி வந்தார். கையில் பிரிண்ட் எடுத்த நாலு பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள். பேப்பர் வந்துவிட்டது. சார் பெரிய மனது பண்ணிக் கடைசியில் அவருக்கு நன்றி போட்டிருக்கிறார். ரிடையர் ஆகிற நேரத்தில் இப்படி ஒரு மரியாதை யாருக்குக் கிடைக்கும் என்றார். மருமகன் பார்த்தால் அசந்துபோவானாம். பிரேம் போட்டு மாட்டப்போகிறாராம்.

"எம்பேரு எங்கம்மா இருக்குது? இங்கிலீசுல எனக்குத் தெரியல."

கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன். காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, உறையின்மேலேயே அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தார். தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்களைக் காட்டினார்.

"இதுல உங்க பேரு எதும்மா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.